சூடான பகுதியில் பெக்கான்: வீட்டுத் தோட்டத்துக்கு எந்த ரகம்?

பெக்கான் (வால்நட் போன்ற பருப்பு தரும் பெரிய மரம்) நட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த ரகத்தில் காய் பெரிது?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நான்கு இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு காயின் அளவைப் பார்த்தால் போதும்.

தக்காளி ரகம் சரியில்லை என்றால் அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். பெக்கானில் அது நடக்காது. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வர ஐந்து முதல் பத்து வருஷம் ஆகும். ரகம் தப்பு என்று தெரியவரும்போது மரம் வீட்டுக் கூரையைத் தாண்டி நிற்கும். நல்ல நிழலும் தரும், வெட்ட மனசு வராது. நூறு வருஷத்தைத் தாண்டியும் காய்த்துக்கொண்டிருக்கும் பெக்கான் மரங்கள் உண்டு. நீங்கள் இன்று எடுக்கும் முடிவோடு உங்கள் பேரப்பிள்ளைகளும் வாழ வேண்டியிருக்கும். அதனால்தான் இதை நிதானமாகச் செய்யச் சொல்கிறேன்.

படி 1: இடத்தை அளந்து பாருங்கள்

கையில் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். வளர்ந்த பெக்கான் 20 முதல் 30 மீட்டர் உயரம் போகும், கிளைகளும் அதற்கேற்றபடி அகலமாக விரியும். இரண்டு மரங்களுக்கு நடுவில் குறைந்தது 12 மீட்டர் வேண்டும், 15 இருந்தால் நல்லது. வீட்டுச் சுவரிலிருந்து 10 மீட்டராவது தள்ளி நடுங்கள். மேலே மின்கம்பி போகிற இடம் கூடவே கூடாது. காய்ச் சுமை ஏறிய வருஷத்தில் காற்றடித்தால் பெரிய கிளைகள் முறிந்து விழும். கார் நிறுத்தும் இடத்தின் மேல் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மண்ணையும் பாருங்கள். பெக்கான் இயற்கையாக வளர்ந்தது மிசிசிப்பி ஆற்றுப் படுகையிலும் டெக்சாஸ், மெக்சிகோ ஆற்றோரங்களிலும். ஆழமான வண்டல் மண்ணில் பழகிய மரம் அது. ஒரு மீட்டருக்கு மேல் ஆழம், நல்ல வடிகால், 6 முதல் 7 வரை பிஎச் (மண்ணின் அமில, காரத் தன்மையின் அளவு) இருந்தால் மகிழ்ச்சியாக வளரும். நடப்போகும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் தேங்கி நின்றால் வேறு இடம் தேடுங்கள். ஆற்றோரத்து மரம் என்பதால் தேங்கிய தண்ணீரைத் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளம் வந்து வடிந்துபோனால் தாங்கும். வேர் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினால் தாங்காது.

படி 2: உங்கள் குளிர்காலம் எப்படிப்பட்டது?

சூடான பகுதி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பெக்கானைப் பொறுத்தவரை அதற்குள் இரண்டு உலகங்கள் உண்டு. கோடை நீளமாகவும் கடுமையாகவும் இருந்து, குளிர்காலத்தில் மரம் இலையுதிர்த்து உறங்கும் அளவுக்குக் குளிர் வருகிற பகுதி ஒன்று. வருஷம் முழுக்க வெக்கை குறையாத வெப்பமண்டலச் சமவெளி இன்னொன்று. முதல் வகைப் பகுதியில் இந்த மரம் செழிக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா, டெக்சாஸ், மெக்சிகோவின் சிவாவா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்தான். இரண்டாவதில் மரம் உயிரோடு இருக்கும், இலையும் விடும். ஆனால் குளிர் போதாததால் மொட்டுகள் ஒரே சமயத்தில் விழிக்காது. ஒரு கிளை துளிர்த்து முடித்திருக்கும்போது பக்கத்துக் கிளை இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். பூவும் அப்படியே சிதறிச் சிதறி வரும், காய் பிடிப்பது அரிது. அங்கே நிழலுக்காக நடலாம். பருப்பை எதிர்பார்த்து நடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

பெக்கானுக்கு வேண்டிய குளிர் ஆப்பிளுக்கு வேண்டியதைவிடக் குறைவு, அதுவும் ரகத்துக்கு ரகம் மாறும். குளிர் லேசாக மட்டும் வரும் பகுதி என்றால், குறைந்த குளிரிலேயே விழித்துக்கொள்ளும் எலியட் போன்ற ரகங்களைப் பட்டியலின் மேலே வையுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: சீக்கிரம் விழிக்கும் ரகத்தைக் கடைசி உறைபனி பிடித்துக்கொள்ளும். குளிர் முடிந்துவிட்டது என்று துளிர்விட்ட பிறகு ஒரு ராத்திரி பனி உறைந்தால், இளந்தளிர் கருகி அந்த வருஷக் காய்ப்பு போய்விடும். உங்கள் பகுதியில் பின்பனி வழக்கமாக வருமென்றால் எலியட்டைத் தவிர்த்துத் தாமதமாகத் துளிர்க்கும் ரகத்துக்குப் போங்கள்.

இன்னொரு பக்கம் வெயிலும் வேண்டும். உறைபனி இல்லாத நாட்கள் வருஷத்துக்கு 200 அளவில் இருந்தால்தான் பெரும்பாலான தெற்கத்தி ரகங்களில் பருப்பு முழுதாக நிரம்பும். சூடான பகுதிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

படி 3: காற்றில் எவ்வளவு ஈரம்?

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். நான்கு கேள்விகளில் ஒன்றை மட்டும் கேட்க நேரமிருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள்.

பெக்கானின் பெரிய எதிரி சொறி நோய். வெஞ்சூரியா எஃப்யூசா என்ற பூஞ்சையால் வருவது. மழைத்துளி தெறித்தும் காற்றில் கலந்தும் வித்துகள் பரவும். இலையும் காயும் மணிக்கணக்கில் ஈரமாகவே இருந்தால் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். இளம் இலை, இளங்காய் என்றால் அதற்குக் கொண்டாட்டம். தொடர்ந்து மழை பெய்து ஓய்ந்த ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு காய்க்கொத்தை வளைத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சைத் தோலில் குண்டூசித் தலை அளவில் கரும்பழுப்புப் புள்ளிகள் தெரியும். விரலால் தடவினால் அந்த இடம் வெல்வெட் போல இருக்கும். இலையைத் திருப்பினால் நரம்பை ஒட்டியும் அதே புள்ளி. அடுத்த மழைக்குள் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து காய் முழுக்கக் கறுத்துப்போகும். சின்ன வயதிலேயே தொற்றினால் காய் வளராமல் உதிரும், இல்லையென்றால் கறுத்துச் சுருங்கிக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும்.

இதற்கு மருந்து இருக்கிறது. பெரிய பண்ணைகளில் ராட்சத விசைத்தெளிப்பானை டிராக்டரில் இழுத்துக்கொண்டு ஒரே பருவத்தில் பத்து முறைகூட அடிக்கிறார்கள். வீட்டில் 20 மீட்டர் உயர மரத்தின் உச்சிக்கு நீங்கள் எப்படி மருந்தடிப்பீர்கள்? கைத்தெளிப்பான் பாதி உயரத்துக்குக்கூட எட்டாது. ஆகவே வீட்டுத் தோட்டத்தில் சொறி நோய்க்கு இருக்கும் ஒரே நடைமுறை மருந்து, நோயை எதிர்க்கும் ரகத்தை நடுவது. நடும் அன்று செய்யும் வேலைதான் சிகிச்சை, பிறகு செய்ய எதுவும் இல்லை.

துளிர்விடும் காலம் தொடங்கிக் காய் வளர்ந்து முடியும்வரை உங்கள் பகுதியில் அடிக்கடி மழை, காலையில் கனத்த பனி என்றால் நீங்கள் ஈரப் பகுதி. அதே மாதங்களில் வானம் வெளுத்து, தண்ணீரைப் பாய்ச்சித்தான் பயிர் செய்ய முடியும் என்றால் வறண்ட பகுதி. இரண்டுக்கும் ரகப் பட்டியல் வேறு வேறு. வறண்ட பகுதியில் கொட்டிக் காய்க்கும் விச்சிட்டா என்ற ரகத்தை ஈரப் பகுதியில் நட்டால் கறுத்த காய்களைத்தான் பார்ப்பீர்கள்.

எதிர்ப்புத்திறனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது நிரந்தரச் சொத்து கிடையாது. டிசையரபிள் என்ற ரகம் 1900களின் தொடக்கத்தில் மிசிசிப்பியில் உருவானது. ஆரம்பத்தில் சொறியைத் தாங்குகிறது என்று பெயர் வாங்கியது, தென்கிழக்கு அமெரிக்கா முழுக்கப் பரவியது. காலப்போக்கில் பூஞ்சை அதற்கு ஏற்ப மாறிக்கொண்டது. இன்று மிக எளிதில் சொறி பிடிக்கும் ரகங்களில் ஒன்று டிசையரபிள். பழைய புத்தகத்தில் ஒரு ரகத்தைப் பற்றிப் படித்தால் அது எந்த வருஷத்துப் புத்தகம் என்றும் பாருங்கள். ஒரே ரகத்தில் மூன்று நான்கு மரம் நடுவதைவிட ரகங்களைக் கலந்து நடுவது நல்லது என்பதற்கும் இது ஒரு காரணம்.

படி 4: ஜோடி சேர்ப்பது

பெக்கானில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. சில ரகங்களில் முதலில் மகரந்தம் உதிர்ந்துவிடும், அதன் பிறகுதான் பெண் பூ ஏற்கத் தயாராகும். இவற்றை டைப் 1 என்பார்கள். மற்றவற்றில் பெண் பூ முந்திக்கொள்ளும், மகரந்தம் பின்னால் வரும். அவை டைப் 2. ஒரு டைப் 1, ஒரு டைப் 2 இரண்டையும் சேர்த்து நட்டால் இதன் மகரந்தம் அதற்கும் அதன் மகரந்தம் இதற்கும் சரியான நேரத்தில் கிடைக்கும். தனி மரமும் ஓரளவு காய்க்கும். ஆனால் தன் மகரந்தத்திலேயே பிடித்த காய்கள் அதிகம் உதிரும், பருப்பும் சுமாராகவே நிரம்பும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பார்த்தால் மறக்காது. துளிர் விட்டுச் சில வாரம் கழித்து மரத்தடியில் நில்லுங்கள். போன வருஷத்துக் கிளையிலிருந்து பச்சை நிறச் சரங்கள் மும்மூன்றாகத் தொங்கும். அவைதான் ஆண் பூ. ஒரு சரத்தை உள்ளங்கையில் வைத்துத் தட்டுங்கள். கையில் மஞ்சள் தூள் படிந்தால் மகரந்தம் உதிரும் நேரம் வந்துவிட்டது. பெண் பூவைத் தேட வேண்டும். இந்த வருஷத்துப் புதுத் தளிரின் நுனியில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, நாலைந்து சேர்ந்து நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன மடிப்புக் கொண்டை இருக்கும், அதுதான் சூல்முடி. அது ஈரமாக மின்னி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் மகரந்தத்துக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். காய்ந்து கறுத்துவிட்டால் அதன் காலம் முடிந்தது.

மகரந்தம் காற்றில்தான் போகும். தேனீ வேண்டாம், தூரம்தான் முக்கியம். துணை மரம் 50 மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. அந்தத் துணை மரம் உங்கள் தோட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டில் வளர்ந்த பெக்கான் நின்றால் அது என்ன ரகம் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு எதிர் வகையில் ஒன்றே ஒன்று நட்டால் போதும். இடம் குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ரகம் தெரியாவிட்டால் ஒரு பூப்பருவம் பொறுத்திருந்து, மேலே சொன்னபடி சரத்தையும் கொண்டையையும் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பூக்கும் நாட்கள் வருஷத்துக்கு வருஷம் முன்னே பின்னே நகரும். டைப் எண் மட்டும் பொருந்தினால் எல்லா வருஷமும் கச்சிதமாகச் சேரும் என்று எண்ண வேண்டாம். இடம் இருந்தால் மூன்றாவதாக ஒரு ரகம் சேர்ப்பது பாதுகாப்பு.

படி 5: ரகங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு சின்னத் தகவல். பானி, விச்சிட்டா, ஷையன், காடோ, லக்கோட்டா என்று வருபவை எல்லாம் அமெரிக்கப் பூர்வகுடி இனங்களின் பெயர்கள். அமெரிக்க வேளாண் துறை தன் இனப்பெருக்கத் திட்டத்தில் உருவாக்கும் பெக்கான் ரகங்களுக்கு இப்படிப் பெயர் வைப்பது வழக்கம். ஆகவே இந்த மாதிரிப் பெயரைக் கண்டால் அது தாய் தந்தை தெரிந்து கலப்பு செய்யப்பட்ட ரகமாக இருக்கும். எலியட், ஸ்டூவர்ட், அம்லிங் போன்றவை எங்கோ விதையிலிருந்து முளைத்து நன்றாகக் காய்த்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

*ஈரப் பகுதிக்கு*

எலியட் (டைப் 2) என் முதல் தேர்வு. ஃப்ளோரிடாவின் மில்டன் நகரில் ஒரு வீட்டுப் புல்வெளியில் தானாக முளைத்த மரம் இதன் மூலம். வீட்டுத் தோட்டத்தில் பிறந்த ரகம் வீட்டுத் தோட்டத்துக்கே பொருந்துகிறது. காய் சின்னது, கிட்டத்தட்ட உருண்டை, நுனி மட்டும் கூர்மை. ஒரு காய் 6 கிராம் அளவில்தான் இருக்கும். உடைத்தால் பருப்பு கொழுகொழுவென்று, எண்ணெய்ச் சத்தோடு, நல்ல ருசியாக இருக்கும். காயின் எடையில் பாதிக்குமேல் பருப்பு. சொறியை மிக நன்றாகத் தாங்கும். குறை இரண்டு: காய்ப்புக்கு வர நாளாகும், கறுப்பு அசுவினி (இலைச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) பிடிக்கும். பின்பனிச் சிக்கலை முன்பே சொல்லிவிட்டேன்.

எலியட்டுக்கு டைப் 1 துணை வேண்டும். அலபாமாவிலிருந்து வந்த அம்லிங், காஃபோர்ட் இரண்டும் டைப் 1, சொறி எதிர்ப்பும் சிறப்பு. அதிகம் பராமரிக்க முடியாதவர்களுக்கு இவற்றைத்தான் சொல்வேன். இவை கிடைக்காவிட்டால் காடோ (டைப் 1). 1968ல் வெளியானது, காய் நடுத்தர அளவில் இரண்டு முனையும் கூம்பி இருக்கும், சொறியை ஓரளவு தாங்கும்.

லக்கோட்டாவும் (டைப் 2) நல்லது. மஹான், மேஜர் என்ற இரண்டைக் கலந்து 2007ல் வெளியிட்டார்கள். நோய் எதிர்ப்பு நன்றாக இருக்கிறது, சீக்கிரமும் காய்க்கும். அதிகம் காய்த்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் ஓய்வெடுத்துக்கொள்ளும் குணம் உண்டு. கான்சா (டைப் 2, 1996) குளிர் கூடுதலாக இருக்கும் ஈரப் பகுதிகளுக்குப் பொருந்தும். மெக்மில்லன், எக்செல் இரண்டும் டைப் 2, இரண்டுமே சொறியைத் தாங்குபவை.

*வறண்ட பகுதிக்கு*

இங்கே கதை எளிது. வெஸ்டர்ன் (டைப் 1), விச்சிட்டா (டைப் 2). மேற்கு டெக்சாஸ், சிவாவா, ஆஸ்திரேலியாவின் மோரீ என்று வறண்ட பகுதிப் பெரிய தோப்புகள் பெரும்பாலும் இந்த ஜோடியில்தான் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுத்துக்கொள்ளும்.

வெஸ்டர்ன் டெக்சாஸின் சான் சாபா பகுதியில் பிறந்தது. சில நர்சரிகளில் வெஸ்டர்ன் ஷ்லை என்று எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். கரடுமுரடான நிலத்தையும் துத்தநாகக் குறைவையும் மற்ற ரகங்களைவிடப் பொறுத்துக்கொள்ளும். விச்சிட்டா 1959ல் வெளியானது. பருப்பின் தரத்தில் இதை மிஞ்சுவது கடினம், காயின் எடையில் 60 சதவீதம் வரை பருப்புதான். சின்ன வயதிலேயே காய்க்கும், அள்ளிக் கொடுக்கும். ஆனால் கவனிப்பு கேட்கும். தண்ணீர், துத்தநாகம், உரம் எதில் குறை வைத்தாலும் உடனே முகம் வாடும். கிளைகள் குறுகிய கோணத்தில் தண்டோடு ஒட்டி எழும்புவதால் சின்ன வயதிலேயே கவாத்து செய்யாவிட்டால் பிற்பாடு பிளந்துபோகும். அறுவடைச் சமயம் வெப்பம் தணியாமல் இருந்தால், காய் மரத்தில் இருக்கும்போதே உள்ளே முளைவிட்டுவிடும் தொல்லையும் விச்சிட்டாவில் அதிகம். மிகச் சூடான பகுதிக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு, பச்சைத் தோல் வெடித்ததுமே காயை உதிர்த்துவிட வேண்டும்.

*யோசித்து நட வேண்டியவை*

பானி (டைப் 1, 1984) மற்றவற்றுக்குச் சில வாரம் முன்பே முதிர்ந்துவிடும். காயும் பெரிது, பருப்பு 58 சதவீதம் அளவில் இருக்கும், மரமும் சீக்கிரம் காய்க்கும். வறண்ட பகுதி என்றால் அருமையான தேர்வு. ஈரப் பகுதியில் சொறி பிடிக்கும். வேறு எந்த மரத்திலும் காய் முதிராத நேரத்தில் இது மட்டும் தயாராக நிற்பதால், சுற்று வட்டாரத்துக் காகமும் அணிலும் இங்கேதான் கூடும்.

ஷையன் (டைப் 1) மரம் மற்றவற்றைவிடச் சிறிதாக நிற்கும் என்பதால் சின்னத் தோட்டக்காரர்களுக்கு ஆசை வரும். அசுவினித் தொல்லை அதிகம். இலையெல்லாம் பிசுபிசுத்து அதன்மேல் கரும்பூசணம் படியும்.

ஸ்டூவர்ட் (டைப் 2) பழைய, உறுதியான ரகம். காய்க்க எட்டு பத்து வருஷம் காக்க வைக்கும். ஏற்கெனவே நிற்கும் ஸ்டூவர்ட்டைப் போற்றுங்கள். புதிதாக நட இன்று அதைவிட நல்லவை உண்டு.

*வேண்டாம் என்று சொல்பவை*

டிசையரபிளின் கதையைச் சொன்னேன். மருந்தடிக்க வசதி உள்ள பண்ணைக்கு அது சரி, வீட்டுக்கு வேண்டாம். இன்னொன்று மஹான் (டைப் 2). மிசிசிப்பியில் 1910ல் விதைத்த ஒரு காயிலிருந்து வந்தது. நீண்டு, பெரிதாக, மெல்லிய ஓட்டோடு, பார்த்த உடனே கை நீட்ட வைக்கும். விளம்பரங்களில் இதன் படம்தான் அதிகம் வரும். இளமரத்தில் நன்றாகவே காய்க்கும். மரம் வளர்ந்து காய்ச் சுமை ஏறிய பிறகு அத்தனை பெரிய ஓட்டை நிரப்ப மரத்தால் முடியாது. உடைத்துப் பார்த்தால் உள்ளே சுருங்கிய தோலும் காற்றும்தான் இருக்கும். சொறியும் பிடிக்கும். காயின் அளவைக் கடைசியில் பாருங்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு மஹான்தான் சாட்சி.

சரி, இப்போது காயின் அளவுக்கு வரலாம். மேலே உள்ள நான்கு சல்லடையையும் தாண்டி உங்கள் கையில் இரண்டு மூன்று பெயர்கள் மிஞ்சியிருக்கும். அவற்றுக்குள் பெரிய காய் வேண்டுமா, சீக்கிரம் காய்ப்பது வேண்டுமா என்று உங்கள் விருப்பப்படி எடுங்கள். அந்தக் கட்டத்தில் எதை எடுத்தாலும் பெரிய தவறு நேராது.

படி 6: கன்று வாங்கும்போது

விதையிலிருந்து வளர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெக்கான் விதை தாயைப் போல வராது. எலியட் காயை முளைக்க வைத்தால் வருவது எலியட் அல்ல. என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ளவே பத்து பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

ரகத்தை அப்படியே பெருக்க ஒட்டுக் கட்டுவது ஒன்றே வழி. பெக்கானில் அதை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் அந்துவான். லூசியானாவின் ஓக் அலி தோட்டத்தில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த தோட்டக்காரர். 1840களில், நல்ல காய் தந்த ஒரு மரத்தின் கிளைகளை எடுத்து 16 மரங்களில் ஒட்டுக் கட்டினார். அந்தக் காய் 1876ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று, செண்டென்னியல் என்ற பெயரும் பெற்றது. நாம் இன்று ரகப் பெயர் சொல்லிக் கன்று வாங்க முடிவதற்குப் பின்னால் அவருடைய கைகள் இருக்கின்றன.

கன்றைப் பார்க்கும்போது தண்டின் அடியில் ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லேசான வளைவோ முடிச்சோ தெரிய வேண்டும். அது இல்லையென்றால் ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா என்று கேளுங்கள். அட்டையில் ரகப் பெயர் எழுதாமல் "மெல்லோட்டுப் பெக்கான்" என்று மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம். அது ரகத்தின் பெயர் அல்ல.

உயரமான கன்றைத் தேடாதீர்கள், வேரைத் தேடுங்கள். மண் இல்லாமல் வேரோடு பிடுங்கி விற்கும் கன்று என்றால் ஆணிவேர் நீளமாக, உடைந்து போகாமல், ஈரமாக இருக்க வேண்டும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெளுப்பாகத் தெரிய வேண்டும். பையிலோ தொட்டியிலோ வளர்ந்தது என்றால் ஆணிவேர் அடியில் முட்டி வட்டமாகச் சுற்றியிருக்கும். சுற்றிய பகுதியை நடும்போது வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் பிற்காலத்தில் அந்த வேரே மரத்தை நெரிக்கும்.

படி 7: நடவும் முதல் வருஷங்களும்

மரம் உறங்கும் குளிர்காலத்தில் நடுங்கள். ஆணிவேர் மடங்காமல் நேராக நிற்கும் அளவுக்குக் குழி ஆழமாக இருக்கட்டும், அகலம் அவ்வளவு வேண்டாம். குழிக்குள் உரம் போடாதீர்கள், இளவேர் கருகிவிடும். ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் பொந்து இல்லாமல் இறுக்குங்கள்.

அப்புறம், கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வெட்டிவிட வேண்டும். புதிதாக நடுபவர்களுக்கு இதைச் செய்யத்தான் கை வராது. ஆனால் பிடுங்கும்போதே வேரில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமிருக்கும் வேரால் முழுத் தண்டையும் காப்பாற்ற முடியாது. தைரியமாக வெட்டுங்கள், வெட்டிய கன்றுதான் வேகமாக எழும்பும்.

முதல் இரண்டு கோடையில் வாரத்துக்கு 40 லிட்டர் அளவில், மழை பெய்தால் குறைத்து, மெதுவாக ஊற்றுங்கள். கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல் பூண்டு இல்லாமல் வைத்து மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. நடுத்தண்டு ஒன்றை மட்டும் நேராக வளரவிட்டு, அதோடு போட்டியிடும் கிளைகளை ஆரம்பத்திலேயே நீக்குங்கள்.

துத்தநாகத்தை மறந்துவிடாதீர்கள். பெக்கான் இதை நிறையக் கேட்கும் மரம். பற்றாக்குறை வந்தால் நுனி இலைகள் சிறுத்து, அலையலையாகச் சுருண்டு, ரோஜாக்கொத்துப் போல நெருங்கி நிற்கும். காரத்தன்மை உள்ள மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது என்பதால் அங்கே இலைமேல்தான் தெளிக்க வேண்டும். துளிர்விட்டதிலிருந்து இளங்கன்றுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல் அடியுங்கள். அமிலத்தன்மை உள்ள மண்ணில் நிலத்தில் இட்டாலே மரம் எடுத்துக்கொள்ளும்.

படி 8: காய்ப்புக்கு வந்த பிறகு

கோடையின் முதல் பாதியில் காய் பருக்கும், பிற்பாதியில் உள்ளே பருப்பு நிரம்பும். முதல் பாதியில் தண்ணீர் குறைந்தால் காய் சிறுக்கும், அவ்வளவுதான். பிற்பாதியில் குறைந்தால் வெளியே முழுக்காய், உள்ளே வெறும் பொக்கு. வெளியிலிருந்து பார்த்தால் காய் முழு அளவுக்கு வந்துவிட்டது போலத் தெரிவதால், பலர் தண்ணீரை நிறுத்துவது சரியாக அந்தச் சமயத்தில்தான். பச்சைத் தோல் வெடிக்கும்வரை நிறுத்தாதீர்கள்.

தோல் நான்காக வெடித்துக் காய் விழத் தொடங்கியதும் தினமும் பொறுக்குங்கள். ஈரத்தரையில் கிடந்தால் பருப்பு கறுத்துப் பூசணம் பிடிக்கும். பொறுக்கியதை நிழலில், காற்றோட்டமான இடத்தில் பரப்பி இரண்டு வாரம் உலர்த்துங்கள். ஒரு பருப்பை எடுத்து வளைத்துப் பாருங்கள்: வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மளுக்கென்று ஒடிந்தால் எடுத்து வைக்கலாம். எண்ணெய் அதிகமுள்ள பருப்பு என்பதால் வெளியே வைத்தால் சில மாதத்தில் சிக்கு வாடை வரும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த அறுவடைவரை அப்படியே இருக்கும்.